மலை ஏறும் வண்டியில் மேனிஃபோல்ட் லீக்: கேஸ்கெட்டா, ஃபேஸிங்கா, வெல்டிங்கா, புதுசா?

சித்தப்பா மகன் போன மாதம் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். "அண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின்ல டிக் டிக்குன்னு ஒரு சத்தம். அரவேணு வர்றதுக்குள்ள நின்னுடுது. ஆனா திரும்பி வரும்போது ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. கரும்புகை வேற." அவனுடையது நாலு சிலிண்டர் டர்போ டீசல் பிக்கப். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் இறக்குவான். திரும்பும்போது உர மூட்டையோ சிமெண்டோ ஏற்றி வருவான்.

புகை மேனிஃபோல்டில் கசிகிறது, அதாவது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயில் என்று, மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டார்கள். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் போதும் என்றார் ஒருவர். விரிசலாக இருக்கும், வெல்டிங் வைத்துவிடு என்றார் இன்னொருவர். கோவையில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் மேனிஃபோல்டே கிடைக்கும், அதை வாங்கிப் போடு என்றார் மூன்றாமவர். புதுசு போட்டால் தொல்லை விட்டது என்று ஒரு குரல். "நீ என்ன சொல்ற?" என்று என்னிடம் கேட்டான்.

"கழற்றி, இன்ஜினோட ஒட்டுற முகத்தை அளந்து பார்க்காம ஒரு பொருளும் வாங்காதே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீலகிரியில் லோடு வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்.

எனக்கு அது கேத்திப் பக்கம் ஓடிய என் பழைய வண்டியில் வந்தது. 14 மாதத்தில் மூன்று முறை கேஸ்கெட் மாற்றினேன். மூன்று முறையும் நாலாவது சிலிண்டர் பக்கமே எரிந்து போனது. கேஸ்கெட் மட்டம் என்றுதான் நினைத்தோம்; கடை மாற்றி வாங்கினோம். மூன்றாவது தடவை, கழற்றிய மேனிஃபோல்டை ஒரு லேத்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைச் சமதளமான மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஒரு கோடியை விரலால் அழுத்தினார். டக் என்று ஆடியது. இன்னொரு கோடியை அழுத்தினார். மறுபடி டக். மூன்று கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலும் இருக்கும் நாற்காலி போல. "இதுக்கு நடுவுல எந்தக் கேஸ்கெட் வச்சாலும் எரியத்தான் செய்யும் தம்பி" என்றார். மூன்று கேஸ்கெட் விலை போனதுகூடப் பெரிதில்லை. மூன்று முறை கழற்றி மாட்டிய கூலியும் மூன்று முறை வண்டி நின்ற நாட்களும்தான் இன்றும் உறுத்துகின்றன.

மலை வண்டிக்கு இந்த நோய் ஏன் அதிகம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். 33 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறுகிறோம். சமவெளியில் ஓடும் வண்டி ஆக்ஸிலேட்டரை அரைக்கால் மிதியில் வைத்துப் போகும். நம் வண்டி லோடோடு ஒரு மணி நேரம் முழு மிதியில், ரெண்டாவது மூணாவது கியரில் முக்கிக்கொண்டே வரும். அப்போது சிலிண்டரை விட்டு வரும் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேனிஃபோல்ட் அந்தச் சூட்டில் ஊறுகிறது.

வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மில்லியனில் 11 பங்கு நீளும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டர் நீள வேண்டியிருக்கும். அது ஒட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர் ஹெட்டோ, உள்ளே தண்ணீர் ஓடுவதால் 90 டிகிரி அளவிலேயே நிற்கிறது. நீள்வது மிகக் கொஞ்சம். இந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? இரண்டு கோடியிலும் இருக்கும் ஸ்டட்கள்தான், அதாவது ஹெட்டில் பதிந்து நின்று நட்டோடு மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட்கள். அதனால்தான் நடு ஸ்டட் உடைந்து பார்ப்பது அபூர்வம். முதல் சிலிண்டர் பக்கமோ கடைசி சிலிண்டர் பக்கமோதான் உடைகிறது.

அதோடு முடியவில்லை. ஏற்றம் முடிந்து இறக்கத்தில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டு இன்ஜின் பிரேக்கில் வருகிறோம். டீசல் உள்ளே போவதில்லை. வெறும் குளிர் காற்றுதான் சிலிண்டர் வழியாகப் போய் வருகிறது. சற்று முன் கொதித்த இரும்புக்குள் பனிக்காற்று. ஊட்டி குன்னூர் சாலையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும்போது, ஒரே பயணத்தில் இந்தச் சூடும் குளிரும் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்தில் மேடேறுவதும், மழையில் குட்டைத் தண்ணீர் அடியிலிருந்து தெறிப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சூட்டில் நீள முடியாமல் நசுங்கும் மேனிஃபோல்ட், ஆறும்போது பழைய நீளத்துக்கு வராமல் கொஞ்சம் குறுகிப் போகும். வருடக்கணக்கில் இது சேர்ந்தால் கோடியிலுள்ள ஓட்டைகள் ஸ்டட்டோடு சரியாகப் பொருந்தாது. கழற்றிய பிறகு திரும்ப மாட்டும்போது சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால், அந்த மேனிஃபோல்ட் குறுகிவிட்டது. அப்படியே தட்டி மாட்டினால் அடுத்த ஸ்டட் உடைவதற்கு நாள் குறித்தாயிற்று.

ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டர் வாக்கில், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். டர்போ இல்லாத பழைய இன்ஜின் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். டர்போ வண்டி அந்தக் குறையைச் சமாளிப்பது புகையின் வேகத்தால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளித்தான். அந்தப் புகை டர்போவுக்கு முன்பே கசிந்துவிட்டால் காற்று குறையும், டீசல் முழுதாக எரியாது, கரும்புகை வரும், இழுவை போகும். தம்பி சொன்ன அடையாளம் எல்லாம் இதுதான்.

லீக் அங்கேதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

டிக் டிக் சத்தம் எல்லாம் மேனிஃபோல்ட் அல்ல. வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளி கூடினாலும் அப்படித்தான் கேட்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் போனால் வரும் சத்தம் அதைவிடக் குழப்பும். அதுவும் புஸ் புஸ் என்று சிலிண்டர் கணக்குக்கு அடிக்கும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகியிருந்தால் அங்கே பாருங்கள், மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம்.

மேனிஃபோல்ட் லீக் என்றால் கரி காட்டிக்கொடுத்துவிடும். மேலே மூடியிருக்கும் ஹீட் ஷீல்ட் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்திலிருந்து விசிறி விரித்த மாதிரி கறுப்புத் தடம் போயிருக்கும். தம்பியின் வண்டியில் அது நாலாவது போர்ட்டின் (சிலிண்டரின் புகை வாய்) கீழ்ப்பக்கம், கை ரேகை அளவில் ஆரம்பித்து, ஹெட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. தொட்டால் மை போல ஒட்டியது. பழைய காய்ந்த கரி விரலில் அவ்வளவு ஒட்டாது. ஒட்டினால் லீக் இப்போதும் இருக்கிறது.

கரி தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஆஃப் ஆகியிருக்க வேண்டும். சைலன்சர் வாயில் துணி சுற்றி, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே விடுங்கள். மேனிஃபோல்ட், டர்போ ஃபிளாஞ்ச் (டர்போவை இணைக்கும் தட்டையான விளிம்பு), டர்போவிலிருந்து சைலன்சர் குழாய் இறங்கும் இணைப்பு, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். குழாய் எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடம் லீக். பல சமயம் அது டர்போவுக்குக் கீழே உள்ள சின்ன கேஸ்கெட்டாகவே இருக்கும்; அரை மணி வேலையில் முடியும். மேனிஃபோல்டைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சத்தம் சொல்லும் ஒரு குறிப்பும் உண்டு. குளிரில் அடித்து, சூடானதும் நின்றால் பெரும்பாலும் முகம் வளைந்திருக்கும் அல்லது ஸ்டட் போயிருக்கும்; இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைகிறது. சூடான பிறகு கூடினால் விரிசல் என்று சந்தேகப்படலாம். இது முடிவான சோதனை இல்லை, எங்கே முதலில் பார்ப்பது என்று சொல்லும், அவ்வளவுதான். ஓடும் இன்ஜினில் கையை நீட்டித் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறு முனையை ஓரமாக நகர்த்தினால் இடம் துல்லியமாகத் தெரியும். அப்போதும் ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியே விட்டு ஓட்டலாமா

இதையும் ஒரு வழியாகச் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் முதலில் எடுப்பது இந்த முடிவுதான். டர்போ இல்லாத பழைய ஜீப்பிலோ டிராக்டரிலோ சின்ன லீக்கால் இழுவை பெரிதாகப் போகாது என்பது உண்மை. புகை ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டு வெளியே போகிறது, அவ்வளவே. அதனால் வருடக்கணக்கில் டிக் டிக் என்றே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் புகை போகும் இடத்தைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் வண்டிகளில் அது நேராக கேபினுக்குள் வரும். நம் ஊரில் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். டீசல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு பெட்ரோல் அளவுக்கு இல்லாவிட்டாலும் நைட்ரஜன் ஆக்ஸைடும் நுண்கரியும் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் நான்கு மணி நேரம் அந்த கேபினில் உட்காருபவர் நாம். பக்கத்து சீட்டில் சில நாள் நம் பிள்ளையும் உட்காரும். தலைவலியோ கண் எரிச்சலோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் நெருப்பு. கசியும் புகை ஒரே இடத்தில் ஊதிக்கொண்டே இருக்கும். எதிரே வயரோ வேக்குவம் ஹோஸோ டீசல் ரிட்டர்ன் குழாயோ இருந்தால் அது பொறுமையாகக் கருகும். டேப்பெட் கவரிலிருந்து ஆயில் வேறு கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

புட்டி அடைப்பதும் இந்த வகைதான். சைலன்சர் குழாயில் டர்போவுக்குப் பின்னால் அடைக்கலாம், சில வாரம் நிற்கும். டர்போவுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். காய்ந்து உதிரும் ஒரு துண்டு டர்பைன் இறக்கையில் பட்டால், மேனிஃபோல்டில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு டர்போவுக்குப் போகும்.

கேஸ்கெட் மட்டும்

கழற்றி, இரண்டு பக்க முகத்தையும் சுத்தம் செய்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேரான இரும்புப் பட்டை) நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பல சின்ன டீசல் இன்ஜின்களுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. உங்கள் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. அதற்குள் இருந்தால், ஸ்டட் எல்லாம் ஒழுங்காக இருந்தால், கேஸ்கெட் மாற்றினால் போதும். வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். நட்டு தளர்ந்து லீக் ஆன வண்டிகளும் முன்பு யாரோ கழற்றிப் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்ட வண்டிகளும் இந்த வகையில் வரும்.

பழைய வண்டிகளின் கேஸ்கெட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாமல், தண்ணீர் நனைத்துச் சுரண்டுங்கள். ஹெட் போர்ட்டுக்குள் துணி அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள். உள்ளே விழும் துண்டு கடைசியில் டர்போவுக்குத்தான் போகும்.

அளக்காமல் கேஸ்கெட் மட்டும் மாற்றுவதுதான் நான் செய்த தவறு. பொருள் விலையில் இது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் கழற்றி மாட்டும் கூலி நாலு வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கூலியை எத்தனை முறை கொடுக்கப் போகிறோம் என்பதுதான் உண்மையான விலை.

ஃபேஸிங்

முகத்தை மெஷினில் சீவிச் சமப்படுத்துவதுதான் ஃபேஸிங். முகம் வளைந்திருக்கிறது, விரிசல் இல்லை என்றால் என் ஓட்டு இதற்குத்தான், கேள்வியே இல்லை. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ மில்லிங் அல்லது சர்ஃபேஸ் கிரைண்டிங் இருக்கும் பட்டறையில் செய்துவிடுவார்கள். இங்கிருந்து முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி, சாயங்காலப் பஸ்ஸில் திரும்ப வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் வண்டி நிற்கும். பொருளாதாரமாகப் பார்த்தால் புது மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று: பழைய வார்ப்பு வளைய வேண்டியதைப் பெரும்பாலும் வளைந்து முடித்திருக்கிறது. வார்ப்பில் அடைபட்டிருந்த இறுக்கம் வருடக்கணக்கான சூட்டில் தளர்ந்துவிட்டது. அதைச் சமப்படுத்திப் போட்டால் நெடுநாள் நிற்கும். என் வண்டியில் ஃபேஸிங் செய்த பிறகு, விற்கும்வரை ஐந்து வருடம் அந்த இடத்தைத் தொடவில்லை.

லேத்காரரிடம் சொல்ல வேண்டியது: நாலு போர்ட்டின் முகத்தையும் ஒரே செட்டிங்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்த்தால் நாலும் நாலு மட்டத்தில் இருக்கும். கை கிரைண்டர் வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மேனிஃபோல்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு எடுத்தால் முகம் முழுதாகப் பளபளக்குமோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குள் முடிந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஃபிளாஞ்ச் மெலியும், டர்போவும் இ.ஜி.ஆர். குழாயும் இடம் தள்ளி உட்காரும். இரண்டு துண்டாக நடுவில் சொருகியிருக்கும் மேனிஃபோல்ட் என்றால் சேர்த்து வைத்தே எடுக்க வேண்டும். மேனிஃபோல்ட் குறுகிக் கோடி ஓட்டைகள் ஸ்டட்டோடு பொருந்தாவிட்டால் அவற்றை நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் திறந்துவிடச் சொல்லுங்கள். இரும்பு நகர அந்த இடம்தான் வழி. வந்த பிறகு உள்ளே காற்றடித்து, இரும்புத் தூள் ஒன்றுகூட இல்லாமல் கழுவுங்கள்.

ஹெட் முகத்தையும் அதே ஸ்ட்ரெய்ட் எட்ஜால் பார்க்க வேண்டும். நீண்ட நாள் லீக்கோடு ஓடியிருந்தால் புகை அங்கேயும் பள்ளம் அரித்திருக்கும்.

வெல்டிங்

வெல்டிங் வேலையைக் கையோடு கற்ற பெரியவர்கள் நம் மலையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் மேனிஃபோல்ட் விரிசலுக்கு வெல்டிங்கை நான் கடைசியாகத்தான் வைப்பேன். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். சட்டென்று சூடாக்கி ஆறவிட்டால் வெல்டிங்கின் ஓரத்திலேயே புதிதாக வெடிக்கும். பத்து வருடம் புகை குடித்த இரும்பு இன்னும் மோசம். உள்ளே ஊறிய கரியும் துருவும் வெல்டைப் பிடிக்க விடாது, குமிழி குமிழியாக வரும்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால் முறையாகச் செய்ய வேண்டும். விரிசலின் இரு நுனியிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால்தான் அது மேலே ஓடாது. விரிசலை வி வடிவில் திறக்க வேண்டும். முழு மேனிஃபோல்டையும் முன்கூட்டியே சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி, பொறுத்து, மறுபடி ஓர் அங்குலம். முடிந்ததும் காற்றில் ஆறவிடாமல் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுவதும் விட வேண்டும். தேயிலை ஃபேக்டரி அடுப்புச் சாம்பலை ஒரு டிரம்மில் அதற்கென்றே வைத்திருக்கும் பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். அந்த டிரம்மைப் பார்த்ததுமே இவருக்கு வேலை தெரியும் என்று நம்பிக்கை வந்தது. சாதாரண ராடு போட்டுப் பத்து நிமிடத்தில் கையில் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். பித்தளை வைத்து ஒட்டுவதும் இந்த இடத்துக்கு ஆகாது. டர்போ டீசல் மலையேறும் சூட்டில் பித்தளையின் பலம் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் வெல்டிங் சூட்டில் முகம் வளைந்திருக்கும். ஆகவே வெல்டிங் என்றால் வெல்டிங்கும் ஃபேஸிங்கும் சேர்த்துத்தான் செலவு. இந்தக் கணக்கைப் போட்டால் பழைய மேனிஃபோல்டின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. புது பார்ட்ஸ் நின்றுபோன பழைய இன்ஜின்களுக்கும், ஃபிளாஞ்சின் ஓரத்தில் சின்னதாக விட்ட விரிசலுக்கும் இது சரி. இரண்டு போர்ட்டுக்கு நடுவிலோ டர்போ உட்காரும் இடத்திலோ விட்ட விரிசலுக்குச் சரியில்லை. கேரட் விலை நன்றாக இருக்கும் வாரத்தில் வண்டியை நிறுத்த முடியாது என்றால் ஒரு மாதம் தள்ள உதவும். அந்த ஒரு மாதத்துக்குள் மாற்று மேனிஃபோல்டைத் தேடி வைத்துவிட வேண்டும்.

பழையது, புதியது

பழைய மேனிஃபோல்ட் வாங்கப் போகும்போது சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ், உங்கள் பழைய மேனிஃபோல்ட், நாலையும் எடுத்துப் போங்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு மணி போலக் கேட்கும். விரிசல் இருந்தால் உடைந்த பானைச் சத்தம். சந்தேகமான இடத்தில் எண்ணெயைத் தடவி, கால் மணி விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டும். பழையதும் வளைந்துதான் இருக்கும் என்பதால் ஃபேஸிங் கூலியைச் சேர்த்தே பேரம் பேசுங்கள். மாடல் பெயர் ஒன்றுதானே என்று வாங்கிவிடாதீர்கள். 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசு விதி நாடு முழுவதும் வந்தபோதும், 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6 வந்தபோதும் பல வண்டிகளில் புகைப் பாதையும் டர்போவும் மாறின. பெயர் அதேதான், ஓட்டை வேறு.

புதியதில் ஒரிஜினல் என்றால் பேச்சில்லை, விலைதான் கனம். கோவை வார்ப்பாலைகளுக்குப் பேர் போன ஊர், அங்கே வரும் லோக்கல் வார்ப்பிலும் நல்லது உண்டு. ஆனால் டர்போ டீசலுக்கு சிலிக்கானும் மாலிப்டினமும் சேர்த்த எஸ்.ஜி. அயர்ன் (எளிதில் வெடிக்காத உறுதியான வார்ப்பிரும்பு) போட்ட இடத்தில் கிரே அயர்ன் என்ற சாதாரண வார்ப்பிரும்பில் வார்த்து விற்றால், பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும், மலைச்சூட்டைத் தாங்காது. போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். வார்ப்பு மணல் ஒட்டியிருந்தால் ஒரு துகள் விடாமல் எடுத்த பிறகே மாட்ட வேண்டும். கேஸ்கெட்டை முகத்தில் வைத்து ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். புதியதையும் அளந்துதான் மாட்ட வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 வண்டியில் புகைக்குழாய் நெடுகச் சென்சார்கள் இருப்பதால், வாரண்டி இருந்தால் வெல்டிங், ஃபேஸிங் எதற்கும் கை வைக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே போய்விடுவது நல்லது.

ஸ்டட்

எந்த வழியை எடுத்தாலும் ஸ்டட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். தம்பி வண்டியைத் திறந்தபோது கேபின் பக்கத்துக் கடைசி ஸ்டட் ஹெட்டோடு வெட்டினாற்போல் உடைந்திருந்தது. நட்டும் மிச்சமும் எங்கோ மலைப்பாதையில் குஞ்சப்பனை வளைவில் விழுந்திருக்கும். உடைந்த முகத்தில் பாதி துரு, பாதி பளபளப்பு. அதாவது பாதி எப்போதோ விரிந்து, மிச்சம் சமீபத்தில் உடைந்திருக்கிறது.

உடைந்ததை எடுக்க உடனே டிரில்லைத் தூக்க வேண்டாம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் வைத்தால் பிடிமானமும் கிடைக்கும், அந்தச் சூட்டில் துருவும் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செக்கச் சிவந்தது கொஞ்சம் ஆறியதும், முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக அசைத்தபடி எடுக்க வேண்டும். எங்களுக்கு இரண்டாவது முயற்சியில் வந்தது. அலுமினிய ஹெட்டில் டிரில் கோணலாகப் போய்த் தண்ணீர்ப் பாதையில் இறங்கினால் மேனிஃபோல்ட் செலவு ஹெட் செலவாகிவிடும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கை தேர்ந்தவரை, தூரமானாலும், தேடிப் போங்கள்.

ஒன்று உடைந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டை வெட்டிப் போடக் கூடாது, சூட்டில் நீண்டு தளர்ந்துவிடும். நட்டைப் பிடிப்பது நடுவிலிருந்து இரு பக்கமும் வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக, குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வைத்து. பொதுவாக எம் 8 (8 மில்லிமீட்டர்) ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம் 10-க்கு 40 முதல் 50. மேனுவலில் வேறு இருந்தால் அதுதான். பலம் இருக்கிறதே என்று கோடி நட்டுகளை இழுத்து இறுக்கினால், நீள இடமில்லாமல் மறுபடி அதே ஸ்டட்தான் உடையும்.

தம்பியின் மேனிஃபோல்டில் நாலாவது போர்ட் பக்கம் 0.35 மில்லிமீட்டர் ஃபீலர் தாராளமாக நுழைந்தது. சுண்ணாம்புத் தூளில் கோடு எதுவும் வரவில்லை. விரிசல் இல்லை, முகம் வளைந்திருக்கிறது, நீளம் குறுகியிருக்கிறது. அதற்குமேல் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபேஸிங், எட்டு புது ஸ்டட், ஒரிஜினல் கேஸ்கெட், டர்போ ஃபிளாஞ்சுக்குப் புது கேஸ்கெட். வெள்ளிக்கிழமை காலை கழற்றியது, சனிக்கிழமை ராத்திரி ஓடியது. திங்கட்கிழமை உர மூட்டையோடு வந்தவன் குஞ்சப்பனையில் நிறுத்திக் கூப்பிட்டான். "புகை இல்லண்ணா. மூணாவதுலயே ஏறுது."

மேனுவல் வேண்டாம் என்று சொல்லாத வண்டிகளில், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆறிய இன்ஜினில் ஒரு முறை நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகுவதற்கு முன்பே போய் டார்க் ரெஞ்ச் வைத்தோம். நடு நாலும் அசையவில்லை. நாலாவது சிலிண்டர் பக்கக் கடைசி இரண்டும் கால் சுற்றுக்கும் குறைவாகப் போய் க்ளிக் என்றன. டார்ச் அடித்து ஓரத்தைப் பார்த்தோம், கரி இல்லை. ஹீட் ஷீல்டை மாட்டினோம்.